கழுவிய திராட்சை

திராட்சைச் சாறு நொதிக்கும் குடுவையின் பஞ்சு அடைப்பைத் திறந்து, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு. "இது ஊமை" என்கிறார். அடுத்த குடுவை. "இது வாயாடி. ரெண்டு நாள்ல அடங்கிடும்." மூன்றாவதில் முகம் சுளிக்கிறது. "அழுகின முட்டை. இதுக்குத் தீனி பத்தல, அதான் நாறுது." கருவி நாளைக்குச் சொல்லப் போவதை இவர் மூக்கு இன்றே சொல்லிவிடுகிறது.

திராட்சை மது ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. வாட்ச்மேன் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் 'ஈஸ்ட் அக்கா'. சென்ட், வாசனை சோப்பு எதுவும் இவர் அறைக்குள் வரக்கூடாது. இவரைப் பற்றி எழுதுவதற்காக, முதல் நாள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு போன என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் மதுவை ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை. "நமக்கு மோந்து பாக்கத்தான் சம்பளம்."

திராட்சைத் தோலில் சாம்பல் பூத்தாற்போல் ஒரு படலம் இருக்குமே, அங்கேதான் சாற்றை மதுவாக்கும் நுண்ணுயிர்கள், இவருடைய ஈஸ்டுகள், ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "பாக்கெட்டுல விக்கற ஈஸ்ட் சொன்ன பேச்சு கேக்கும். தோட்டத்துல தானா வர்றது வீட்டுப் புள்ளைங்க மாதிரி. எப்போ எதுக்குக் கோவிச்சுக்கும்னே தெரியாது."

பதினோரு வருடத்துக்கு முன், சொந்த அண்ணன் தோட்டத்துப் பழைய கொடிகளிலிருந்து ஒரு ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். அதில் நொதித்த மது கொய்யாப் பழமும் புது மழையும் சேர்ந்தாற்போல் மணந்ததாம். சொல்லும்போது இன்னமும் மூக்கு விடைக்கிறது. எதற்கும் மூன்று நகல் எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. எடுக்கவில்லை. "நம்ம அண்ணன் தோட்டம்தானே, எங்க போயிடப் போகுதுன்னு அசால்ட்டா இருந்துட்டேன்." ஈஸ்ட் இருந்த ஒரே சோதனைக் குழாயில் பூஞ்சை ஏறிவிட்டது. பதறிப்போய் போன் செய்தால், அண்ணன் அந்தக் கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டுப் புதுசு நட்டிருந்தார். கடைசியாகப் பறித்ததில் ஒரு பெட்டி மட்டும் மீதி. ஆராய்ச்சிக்கு அது உடனே வேண்டும் என்றார் தங்கை.

ஆராய்ச்சிக்குப் போகிற பழமாயிற்றே! அண்ணன் வெந்நீரில் உப்புப் போட்டு, ஒவ்வொரு பழமாகக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, தானே தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியைத் திறந்தால் பழங்கள் பளபளவென்று மின்னின. தோலில் இருக்க வேண்டியதெல்லாம் சாக்கடைக்குப் போய்விட்டது.

"படிக்காத முட்டாள்னு சொல்லிட்டேங்க. எல்லார் முன்னாடியும். என்னைப் படிக்க வெச்சதே அவருதான். கழுவாதீங்கன்னு ஒரு வார்த்தை நான்ல சொல்லியிருக்கணும்?"

அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்த பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு இந்தக் கட்டடத்தின் படி ஏறவே இல்லை.

ஆனால் ஒவ்வொரு அறுவடைக்கும் புதுக்கொடிப் பழம் ஒரு பெட்டி வந்துவிடுகிறது. தூசி, சிலந்தி வலை, காய்ந்த இலை எல்லாம் அப்படியே இருக்கும். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'கழுவவில்லை.' அந்தப் பழைய ஈஸ்ட் இனிக் கிடைக்காது என்று இவருக்குத் தெரியும். தேடுவதை மட்டும் விடவில்லை.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றேன்.

"போன் பண்ணுவேன். 'பெட்டி வந்துச்சுண்ணா'ம்பேன். 'சரிம்மா'ம்பாரு. வெச்சிடுவோம்."

இத்தனை வருடமாக இதே இரண்டு வாக்கியம். கேட்ட எனக்கே கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இந்த வருடப் பெட்டி நான் இருக்கும்போதே வந்தது. சீட்டைப் படித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கொத்துக் கொத்தாகப் பஞ்சால் ஒற்றியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று குழாய் போட்டு, எண் எழுதி முடித்தார். பிறகு ஒரு கொத்தை மட்டும் வராந்தாவுக்கு எடுத்துப்போனார். கெட்டிலில் இருந்த வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, உப்புப் போட்டு, ஒவ்வொரு பழமாகக் கழுவினார். முதல் பழத்தை வெள்ளை மேலங்கியின் நுனியால் துடைத்து, முகர்ந்து பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டார்.