அருளம்பலம் வளர்த்த அசோலா

புருசனின் செத்தவீட்டில், அயலார் போட்டுக் கொண்டுவந்த தேத்தண்ணீரை, அழாமல் எழுந்துபோய் எல்லோருக்கும் கொடுத்தவள் உதயகலா. கோப்பாயில் அதைக் கதைக்காத வாய் இல்லை. அவளும் என்ன செய்வாள்? ஏழு மாதமாகியும் அவளுக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. மாட்டை அவிழ்ப்பாள், கட்டுவாள், முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்குத் தண்ணீர் விடுவாள். தொட்டியை மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

அதில் மிதந்தது அவள் புருசன் அருளம்பலம் கடைசியாக வளர்த்த பச்சை. மாட்டுத் தீனிக்கு அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி நல்லது என்று பயிர் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் கேட்டுவிட்டு, மனிசன் எங்கோ ஒரு குளத்தில் அள்ளிவந்தார். மாடு மோந்துகூடப் பார்க்கவில்லை. “பழகினால் தின்னும்,” என்றார். மாடு பழகுவதற்குள் அவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன் வீடு கழுவ வந்த சொந்தக்காரர்கள், சாவுத் தீட்டுப்பட்ட துடக்கு வீட்டுத் தொட்டி என்று பாதியை அள்ளி ஊர்க் குளத்தில் கொட்டினார்கள். மீதியை அவள் மறித்துவிட்டாள்.

இப்போது குளம் முழுக்கப் பச்சை மூடி, தண்ணீரே தெரியவில்லை. அதை அள்ளித் துப்புரவாக்கச் சிரமதானத்துக்கு ஊர் கூடியது. கமநல உத்தியோகத்தர் தக்சாயினி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“இது அசோலா இல்லை. சல்வீனியா எண்ட பன்னம், குளத்தை மூடுற களை. இலையிலை மயிர் இருக்கு, தண்ணி ஒட்டாது. அசோலாவின்ரை இலை கடுகளவுதான். இதிலை ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்பக் குளம் மூடும். ஆரும் வீட்டிலை வைச்சிருக்கிறியளோ?”

சொன்னால் தொட்டி போய்விடும். மாட்டை விட்டால், அவர் கைபட்டது வேறொன்றும் உயிரோடு இல்லை.

“ஓம் பிள்ளை. எங்கடை தொட்டியிலை இருக்கு. அவர் வைச்சது.”

“அவரையும் வரச்சொல்லுங்கோ அன்ரி. வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் இனி மாறி எடுக்கமாட்டார்.”

“அவர் மோசம் போயிட்டார். செத்து ஏழு மாசம்,” என்றாள் உதயகலா, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல.

தக்சாயினிக்கு முகம் சுருங்கிவிட்டது. “நான் ஆக்களை அனுப்பிறன்.”

“வேண்டாம். நானே அள்ளுறன்.”

ஒரு துணுக்கும் விடாமல் பனையோலைக் கடகத்தில் அள்ளி, குளத்துக்கு எட்டாத பின்வளவில் சாக்குப் படங்கு விரித்துப் பரப்பினாள். நல்ல வெயில். இடைக்கிடை கிளறிவிட்டாள். நாலாம் நாள் ஒரு பிடி எடுத்துக் கசக்கினாள். மண்ணிறமாக உதிர்ந்தது.

“இஞ்சருங்கோ, காய்ஞ்சிட்டுது,” என்று வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

அவர் வரவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அது அவளுக்கு நொந்தது.