விரிசல் தேடிய மத்தியானம்

கல்லூரியில் பாடம் நடத்துவது போக, அதிர்வை அளந்து இரும்புத் தகடுகளில் விரிசல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் என் வேலை. அப்படித்தான் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு, ஒரு காலண்டர் அச்சகத்துக்குப் போனேன்.

முதலாளியின் மாடி அறைக்குத் தரையே இரும்புத் தகடுதான். சில நாட்களாக அது முனகியது. கீழிருந்து பார்த்தால் பல வருஷத்துப் பெயிண்டும் மைப்பிசுக்கும்தான் தெரிந்தன. முழுக்கச் சுரண்டிப் பார்க்கலாமென்றால், காலண்டர் சீசன். மெஷின்களை அவ்வளவு நேரம் நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை.

ஏணியில் ஏறி, தகட்டின் அடியில் சென்சார்களை வரிசையாக ஒட்டினேன். ரப்பர் முனை வைத்த சுத்தியலால் தட்டினால் தகடு அதிரும். விரிசல் உள்ள இடம் விறைப்புக் குறைந்து கூடுதலாக வளையும். மடிக்கணினிப் படத்தில் அது மட்டும் தனியாகப் புடைத்துத் தெரியும்.

"மெஷின் ஓடக் கூடாது சார். ஆள் நடமாட்டம் இருந்தாலும் அளவு கலங்கிரும்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவர் மெஷின்களை நிறுத்திவிட்டு, "ஏலே, எவனும் அசையப்படாது! அங்கன அங்கனயே நில்லுங்க" என்றார். எல்லோரும் கைகட்டித் தலை கவிழ்ந்து நின்றார்கள். அவரும் பெரிய மெஷினுக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டார். வண்டிகளை மறிக்க ஃபோர்மேனைத் தெருவுக்கு அனுப்பினார், வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு.

பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வந்தது. ஃபோர்மேன் கைகாட்டி நிறுத்தினார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் உதட்டில் விரலை வைத்தார். சீசன் நேரத்தில் அச்சகம் ஓடவில்லை, ஆட்கள் தலை கவிழ்ந்து நிற்கிறார்கள். வேனிலிருந்த பெண்கள் சத்தமில்லாமல் இறங்கி உள்ளே வந்தார்கள்.

நான் படத்திலேயே கண்ணாக இருந்தேன். பின்னால் யாரோ விசும்பினார்கள்.

"கொஞ்சம் பொறுங்க. அளந்து முடிச்சிட்டா அப்புறம் அழலாம்" என்றேன், திரும்பாமலே.

"யக்கா, பாடைக்கு அளக்காகளோ?" என்றது ஒரு குரல்.

"மொதலாளிக்குத்தான் போல. மவராசன், நேத்துக்கூட நல்லா நடமாடுனாரு."

அதற்குள் பக்கத்து அச்சகத்துக்காரர் தம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரோஜா மாலையோடு வந்துவிட்டார். யாருக்குப் போடுவது என்று தெரியாமல் அவர் தேடிக்கொண்டிருந்தபோது, மெஷினுக்குப் பின்னாலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, விசேசமா?" என்றார். மாலை தரையில் விழுந்தது. பெண்களில் இருவர் தெருவுக்கே ஓடிவிட்டார்கள்.

நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவழியாக எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் முதலாளி, "சரி மேடம், எங்கன விரிசல்?" என்றார்.

எனக்குச் சொல்லவே தயக்கமாக இருந்தது. படத்தில் புடைத்திருந்த இடம் மாடி அறையில் அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் கீழே. ஃபோர்மேன் ஏறி அந்த இடத்தை மட்டும் சுரண்டினார். வெல்டிங் ஓரமாக முழ நீளத்துக்குத் தகடு பிளந்திருந்தது.

முதலாளி விரிசலைப் பார்த்தார். கீழே கிடந்த மாலையைப் பார்த்தார். "அண்ணாச்சி, கொஞ்சம் முந்திட்டீக" என்றார். அன்றே நாற்காலி கீழே இறங்கியது. மறுநாள் வெல்டர் வந்து பிளவை அடைத்தார்.

சரியாகிவிட்டதா என்று மறுபடி அளக்கப் போனேன். மெஷினை நிறுத்துவதற்கு முன் முதலாளி பக்கத்து அச்சகத்துக்குப் போன் போட்டார்.

"அண்ணாச்சி, இப்ப கொஞ்ச நேரம் இங்கன சத்தம் நிக்கும். யாரும் சாகல."