ஏரிக்கரை வீடும் நாற்பத்து மூன்று மோட்களும்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மோட் போடுவது ஆபத்தில்லாத பொழுதுபோக்கு என்று படித்தவர்கள் உட்படப் பலரும் நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கை மேலும் பரவாமல் தடுப்பது என் கடமை. ஆபத்தில்லாதது என்றால் மலையேற்றம்தான். அங்கே கால் வழுக்கினால் நாம் மட்டும் விழுவோம். மோட் போடும்போது நாம் நாற்காலியில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்போம். விழுவது இன்னொருவருடைய மூன்று வருடம்.

விவரம் தெரியாதவர்களுக்காக: டிராகனும் வாளும் மந்திரமும் உள்ள ஒரு விளையாட்டை ஒரு நிறுவனம் செய்து விற்கும். அதன் வானம் வெளிறியிருக்கிறது, குதிரை கழுதைபோல் இருக்கிறது என்று ரசிகர்களுக்கு மனக்குறை வரும். உடனே எங்கோ ஒருவர் அழகான வானத்தைத் தயாரித்து இணையத்தில் சும்மா கொடுப்பார். அதை இறக்கி விளையாட்டில் பொருத்துவதுதான் மோட் போடுவது. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். வசமாக மாட்டிக்கொண்டது இந்த மோட் வேலையைத் தொட்ட முதல் வாரத்தில்தான். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

சீட் பெல்ட் போட்ட சிபியு

திங்கட்கிழமை காலை கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முன்சீட்டில் போர்வை சுற்றிய ஒரு சிபியு, சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓட்டி வந்தவர் பெல்ட் போடவில்லை. பெயர் தங்கவேல்; நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அத்தனை தூரம் வந்த காரணத்தைக் கேட்டேன். நாமக்கல்லில் அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் அவர் மனைவி கவிதாவின் சொந்த அண்ணனாம். விஷயம் வெளியே தெரியக் கூடாதாம்.

கவிதா மூன்று வருடமாக ஒரே ஆட்டத்தை ஆடி வருகிறார். டிராகனைக் கொல்வதை எப்போதோ விட்டுவிட்டார். விளையாட்டுக்குள் ஓர் ஏரிக்கரையில் வீடு கட்டி, புத்தகங்களை நிறவாரியாகவும், மருந்துக் குப்பிகளைச் சின்னதிலிருந்து பெரியதாகவும் அடுக்கி வைத்திருக்கிறார். இப்போது ஜேடர்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது அந்த உலகமே புதுசாய்ப் பளபளக்க வேண்டும். அதுதான் தங்கவேல் தரப்போகும் பிறந்தநாள் பரிசு. இதற்கு முன் மோட் போட்டதில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"இதுல என்னங்க சார் இருக்குது? கம்பெனிக்காரன் சேஸிஸ் மட்டுந்தானுங்க குடுப்பான், பாடி நாமதான் கட்டோணும். எத்தன போட்டாலும் தாங்குமுங்க. ஆனா ஒண்ணு, அவ ஊடு மட்டும் போயிரக்கூடாது. எங்க ஊட்ல எட்டுப் பேரு, அவளுக்குன்னு ஒரு அலமாரி கூடக் கெடயாதுங்க."

காப்பி

நான் குறிப்புகளைப் படிக்கிற ஜாதி. குக்கர் வாங்கினால் கூட வரும் சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கத்து எச்சரிக்கை வரை படித்த பிறகே அரிசி போட விடுவேன். எனவே மோட் போடுவது பற்றிய பதினெட்டுப் பக்கக் குறிப்பை முழுவதும் படித்தேன். 'பழைய ஆட்டத்தில் கை வைக்காதீர்கள். புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்கிச் சோதியுங்கள்' என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. அதையும் இரண்டு முறை படித்தேன். படித்து முடித்ததையே செய்து முடித்ததாக எண்ணும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

கடையில் என்னோடு வேலை செய்பவர் மல்லிகாக்கா. போர்டில் சூடு வைத்து ஒட்டுகிற நுணுக்க வேலையெல்லாம் அவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; குறிப்புப் புத்தகம் எதையும் படித்ததில்லை. "எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க தம்பி" என்றார். எனக்கே சொல்கிறாரே என்று கோபம் வந்தது. விளையாட்டு இருந்த ஃபோல்டரை முழுசாக இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்து, தேதி எழுதி ஒட்டி, அவர் மேஜைமேலேயே வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொட்டி கனமாத்தான் இருக்குது. உள்ள சரக்கு இருக்குதான்னு ஒருக்கா தெறந்து பாத்தீங்களா?"

கை விரித்த ஊர்

வானத்துக்கு ஒரு மோட் போட்டேன். அது மேகத்துக்கு இன்னொரு மோட் வேண்டும் என்றது. மேகம் மழையைக் கேட்டது. மழைக்கு ஏதோ ஓர் அடிப்படைக் கோப்பு வேண்டியிருந்தது. அந்தக் கோப்புக்கு விளையாட்டின் வேறு பதிப்பு வேண்டியிருந்தது. புதன்கிழமைக்குள் நாற்பத்து மூன்று சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று, வீடுகளின் உட்புறத்தை மாற்றி அழகாக்குவது. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று ஒரு வரிசை உண்டு. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அமுக்கிவிடும். அந்த வரிசையை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

வியாழக்கிழமை தங்கவேல் வந்தார். அவர் எதிரிலேயே கவிதாவின் ஆட்டத்தைத் திறந்தேன். வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஊர்ச்சனம் முழுக்க இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, இமைக்காமல், அசையாமல் நின்றது. ஒரு பெண் அப்படியே தரையில் வழுக்கிக்கொண்டு எங்களை நோக்கி வந்தாள். தங்கவேல் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், இவங்கெல்லாம் எதுக்குங்க பஸ்ஸ மறிக்கறாப்புல நிக்கறாங்க?"

ஒரு போல்ட்டைக் கழற்றினால்

குறிப்பை அச்செடுத்து வரப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். கால் மணி நேரம் இருக்கும். லாரியில் ஒரு சத்தம் வந்தால் தங்கவேல் என்ன செய்வாரோ அதையே செய்தார்: இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். லாரியில் அது நியாயமான வைத்தியம். பம்பரைக் கழற்றினால் லாரி பம்பரை மறந்துவிடும். ஆனால் மோட் விளையாட்டில் மட்டும் இருப்பதில்லை. ஆட்டத்தைச் சேமித்த கோப்பும் அதை நினைவில் வைத்திருக்கும். நடுவழியில் பிடுங்கினால், அது தொட்ட இடமெல்லாம் சேமித்ததில் ஓட்டை விழும். அவர் பிடுங்கியது வீடுகளின் உட்புறத்தை அழகாக்கும் மோட்.

நான் திரும்பியபோது திரையில் ஏரிக்கரை வீடு தெரிந்தது. உள்ளே நான்கு சுவர், ஒரு தரை. அலமாரி இல்லை, புத்தகம் இல்லை, ஒரு குப்பி இல்லை. பரவாயில்லை, சேமிக்காமல் வெளியே வந்தால் போதும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, "எதையாவது அமுக்குனீங்களா?" என்று கேட்டேன். கவிதா ஒரே ஒரு கோப்பில்தான் மூன்று வருடமாக, பழையதன் மேலேயே புதியதைச் சேமித்து வந்திருந்தார்.

"சேவ் பண்ணீட்டனுங்க. எந்த வேல பண்ணுனாலும் மொதல்ல சேவ் பண்ணோணும்னு அவதானுங்க சொல்லிக் குடுத்தா."

திறந்து பார்த்த பெட்டி

காப்பி இருக்கிறதே என்று எழுந்தேன். தேதி ஒட்டிய டிஸ்கைச் சொருகித் திறந்தேன். விளையாட்டு இருந்தது, டிராகன் இருந்தது, வெளிறிய பழைய வானம் இருந்தது. கவிதாவின் கோப்பு இல்லை. இந்த விளையாட்டு, ஆடுபவர் சேமித்ததைத் தன் ஃபோல்டரில் வைப்பதில்லை. ஆவணங்கள் வைக்கும் இடத்தில் தனியாகப் போட்டுக்கொள்கிறது. குறிப்பில் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அதையும் படித்திருந்தேன்.

தங்கவேல் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மல்லிகாக்கா எங்கள் இருவரையும் எழுப்பி வெளியே அனுப்பினார். அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டு, வெள்ளி, சனி இரண்டு நாளும் அதன் முன்னால் உட்கார்ந்தார். முழுசாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று: ஒரே கோப்பில் சேமிக்கும் பழக்கம் வருமுன் எப்போதோ அழித்த, மிகப் பழைய கோப்பு. அதைத் திறந்தோம். ஏரிக்கரையில் ஒரு காலி மனை, பக்கத்தில் மரக்கட்டைக் குவியல், ஓரமாக வீட்டுப் பிளான் விரித்த மேஸ்திரி மேஜை.

"ஊட்டுக்குக் கடக்கால் போடறதுக்கு முன்னாடி உள்ளது. இதுக்கு மேல தோண்டுனா பாறைதான் தம்பி."

ஞாயிற்றுக்கிழமை

தங்கவேல் போனில் பாதி சொல்லியிருந்தார். மீதியை நேரில் சொல்ல தைரியமில்லாமல் கவிதாவைக் கடைக்கே அழைத்து வந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அவர் உட்கார்ந்து, சேமித்திருந்த அந்த வெற்று வீட்டுக்குள் போனார். ஒவ்வொரு சுவர் முன்னாலும் சிறிது நேரம் நின்றார். படுக்கை இருந்த மூலையில் திரும்பி, கதவைப் பார்த்தபடி நின்றார். மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகளில் ஒன்று வாசலில் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட எனக்குத் துணிவில்லை.

"இத யாரு சேவ் பண்ணுனது?" என்று திரையைப் பார்த்தபடியே கேட்டார். தங்கவேல் என்னைப் பார்த்தார். நான் பழுதுக்கு வந்திருந்த ஒரு பிரிண்டரைப் பார்த்தேன். "ரெண்டு பேரும்தாம்மா" என்றார் மல்லிகாக்கா. கவிதா நாற்காலியைத் திருப்பி, கணவனைப் பார்த்தார்.

"ஏனுங்க, நம்ம ஊட்லதான் எம்பொருளக் கேக்காம எடுத்து மாத்தி வெப்பாங்கன்னு, யாரும் வராத எடமாப் பாத்து அங்க போயிக் கட்டுனேன். அங்கயும் வந்துட்டீங்களா?"

நாற்பத்து மூன்று மோட்களையும் கழற்றி, காலி மனை இருந்த அந்தப் பழைய கோப்பைப் போட்டுக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். யாரும் தருவதாகச் சொல்லவுமில்லை. போகும்போது சிபியுவைப் பின்சீட்டில் வைத்து, அதன் பக்கத்தில் கவிதா உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரத்தில் மூன்று பேரின் தூக்கத்தைக் கெடுத்து நான் கற்றதெல்லாம், ஏழாம் பக்கத்தைப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே பலன்தான் என்பது. அடுத்த மாதம் நாமக்கல் பட்டறையில், ஒரு லாரிக்காக வாங்கிய தகட்டை எடுத்து, தங்கவேல் ஓர் அலமாரி அடித்தார். பூட்டோடு இரண்டு சாவி வந்தது. இரண்டையும் கவிதா வாங்கி வைத்துக்கொண்டார்.