அவசரமில்லை என்றொரு புகார்

அன்புக்கரசியின் அப்பா ராசப்பன் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாழைத்தார் சுமந்தவர். மகள் பாலிடெக்னிக் முடித்து, சிங்காநல்லூரில் ஒரு மில்லில் சம்பளப் பட்டியல் அடிக்கும் வேலைக்கு வந்தாள். அங்கே கம்ப்யூட்டர் பழுதானால் வரவேண்டிய ஆள் எப்போதும் நாளை வருவதாகச் சொல்வார். காத்திருந்து சலித்துப்போய் அவளே கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. இப்போது நாற்பத்து நான்கு வயது. நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில் பதினாறாவது வருடம்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். ஒவ்வொரு மில் முதலாளியும் "எங்களுக்கு மட்டும் இதை இப்படி மாத்திக் குடுங்க" என்பார். இல்லை என்று சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. அதனால் மில்லுக்கு ஒன்றாக நிரல் தொகுப்பு தனித்தனியாகப் பிரிந்து அறுபத்தேழு ஆகிவிட்டது. தொழிலில் அதை ரெப்போ என்பார்கள். எந்த ரெப்போவில் அரைகுறையாக விட்டோம், எதில் அடுத்தவர் புதிதாக மாற்றியிருக்கிறார் என்று காலையில் பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். அதற்காக அவள் எழுதியதுதான் ரோந்து. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையான டெர்மினலோடு சேர்ந்துகொள்ளும் சின்ன பிளகின். அந்தத் திரையைத் திறந்ததுமே ரெப்போக்களையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவந்து, எங்கே என்ன பாக்கி என்று சொல்லிவிடும்.

ஏழு வருடத்துக்கு முன் அதை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்தாள். இன்று எட்டாயிரம் பேருக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். புனேவில் இருக்கும் நேஹா என்ற பெண் பராமரிப்பில் கூடமாட உதவுகிறாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. காலை ஐந்திலிருந்து ஆறரை வரை ரோந்துக்கான நேரம். அதன் பிறகுதான் இட்லிப் பானை அடுப்பில் ஏறும்.

"வாட்ச்மேனுக்குக்கூடச் சம்பளம் உண்டு அரசி," என்பான் லேத் பட்டறையில் வேலை செய்யும் கணவன் ஜெரோம். "உன்ற ரோந்துக்கு என்ன வருது?"

"நேத்து ரெண்டு பேரு நன்றின்னு எழுதியிருக்காங்க."

"அப்ப அதையே குக்கர்ல போட்டு வேகவெய்யி."

போன ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு மாற்றம் செய்தாள். புது வேலை தொடங்குகிறவர்கள் மூல நிரலைத் தொடாமல் பக்கத்தில் ஒரு கிளை போட்டு அதில் எழுதுவார்கள். முடிந்ததும் மூலத்தோடு சேர்த்துவிட்டுக் கிளையை வெட்டுவார்கள். வேலை முடிந்த கிளைகளை வெட்ட ரோந்தில் 'சுத்தம்' என்றொரு கட்டளை உண்டு. சந்தேகம் வந்தால் அது நின்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கழுத்தறுக்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். சர்வரில் அந்தக் கிளை இல்லையென்றால் கேட்காமலே வெட்டும்படி மாற்றிவிட்டாள். "ஒரு தடவையாவது கேட்கட்டுமே" என்று நேஹா எழுதினாள். தேவையில்லை என்று பதில் போட்டது அன்புக்கரசிதான்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி புகார்ப் பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உங்கள் ரோந்து மிகவும் உதவியாக இருக்கிறது, என் கிளை ஒன்றைக் காணவில்லை, என் தவறாகவும் இருக்கலாம், நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும், அவசரமில்லை, சிரமத்துக்கு மன்னிக்கவும். அதே நாளில் வேறொருவர், எழுத்தின் நிறம் கண்ணைக் குத்துகிறது என்று ஏழு ஆச்சரியக்குறி போட்டுத் திட்டியிருந்தார். திட்டியவருக்கு அன்றைக்கே நிறம் மாற்றிக் கொடுத்தாள். அவசரமில்லாதவரைக் 'கேள்வி' என்று குறித்து ஒதுக்கிவைத்தாள்.

ஜூலை மூன்றாம் தேதி காலை, ஒதுக்கிவைத்தவற்றைப் பார்த்து வரும்போது, அந்தப் புகாருக்கு அடியில் இருந்த பெயரையும் ஊரையும் அப்போதுதான் கவனித்தாள். கதிர்வேல், உடுமலைப்பேட்டை.

நம்ம கொங்குப் பக்கத்து ஆளா? காலில் பஸ் ஏறி நின்றால்கூட, "ஏனுங்க, வண்டியைக் கொஞ்சம் நகத்துனீங்கன்னா தேவலைங்க" என்று சொல்கிற ஆட்கள் அல்லவா! மறுபடி படித்தபோது ஒவ்வொரு மன்னிப்புக்கும் பின்னால் இருந்த சேதம் தெரிந்தது. வேறு யார் ஏமாந்திருந்தாலும் இவள் ஏமாந்திருக்கக் கூடாது.

இணையத்தில் தேடியதில் அவர் நடத்தும் பட்டறையின் எண் கிடைத்தது. ஏழு மணிக்குக் கூப்பிட்டாள்.

"கதிர்வேலுங்களா? நான் சிங்காநல்லூர்ல இருந்து அன்புக்கரசி பேசறனுங்க. ரோந்து எழுதுனவ."

"அட, நீங்க இந்தப் பக்கமுங்களா! நல்லாருக்கீங்களா? சாப்பிட்டாச்சுங்களா?"

"அந்தக் கிளையில என்னங்க இருந்துச்சு?"

"அது ஒண்ணும் பெருசில்லீங்க."

"எத்தனை நாள் வேலை?"

"ஒரு… ஒன்றரை மாசம் இருக்குமுங்க. கொப்பரை காயவெக்கிற டிரையருக்கு கண்ட்ரோல் புரோகிராம். பரவால்லீங்க, திரும்ப எழுதிக்கலாம்."

"கடைசியாக் கிட்ல சேத்தது என்னைக்குங்க?"

"ஜூன் அஞ்சு. சர்வருக்கு இன்னும் ஏத்தலீங்க. அன்னைக்குச் சாயங்காலந்தான் சுத்தம் போட்டேன்."

அன்புக்கரசி விரல்விட்டு எண்ணினாள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் எதையும் உடனே தொலைத்துவிடாது. வெட்டிய கிளையின் சுவட்டை முப்பது நாள் வைத்திருக்கும். அதற்குப் பிறகு வரும் தானியங்கித் துப்புரவில் கூட்டித் தள்ளிவிடும். இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். சர்வரிலிருந்து புதிது எதையாவது இழுக்கும்போது அந்தத் துப்புரவு தொடங்கலாம். டெர்மினலைத் திறந்ததும் இழுப்பது யார்? ரோந்துதான். வெட்டியது போதாதென்று, தினமும் துடைப்பத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் அவள் எழுதியதுதான்.

"அந்தக் கம்ப்யூட்டரை யாரும் தொட வேண்டாமுங்க. நான் நேர்ல வாரேன்."

"ஐயோ, அத்தனை தூரம் எதுக்குங்க சிரமம்—"

"வாரேனுங்க."

போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த மனிதர் எதைச் சொன்னாலும் செரிங்க செரிங்க என்பார். புரியவில்லை என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லமாட்டார். அது போக, அடுத்தவர் வீட்டுப் பொருளை உடைத்தவள் போனில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை.

"கம்பெனிக்குக்கூடப் போடாத லீவை இதுக்குப் போடறயாக்கும்," என்றான் ஜெரோம்.

"என்ற கையால வெட்டுனதுங்க."

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு உக்கடம் பஸ் நிலையம் வரை கொண்டுபோய் விட்டான்.

உடுமலைக்கு வெளியே தென்னந்தோப்புக்குள் வீடு, பக்கத்தில் தகரக் கூரைப் பட்டறை. கதவே இன்னும் மாட்டாத டிரையர் பெட்டிகள் ஆறேழு வரிசையாக நின்றன. வாசலில் கதிர்வேலின் அம்மா மயிலாத்தாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா அம்மணி. எந்தூரு? யாரு ஊட்டுப் புள்ளை நீயி?"

அந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று அன்புக்கரசிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மழுப்பவில்லை.

"கோபிப் பக்கம் வாழைத்தார் சுமந்த ராசப்பன் மகளுங்க. உங்க பையன் வேலையைத் தொலைச்சவ நாந்தான்."

மயிலாத்தாள் சொன்னாள்: "ரெண்டு வாரமா அவன் செரியாச் சோறு திங்கறதில்ல. கேட்டா ஒண்ணுமில்லீங்கறான். பதனஞ்சாந் தேதி பத்து டிரையர் தாரேன்னு வாக்குக் குடுத்திருக்கான். தொலைச்சவ நீயின்னா நீயே தேடிக் குடு. உள்ளார போ."

கதிர்வேலுக்கு முப்பது வயதிருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மொதல்ல இளநி குடிங்க."

"வேலை முடியட்டுமுங்க."

முதலில் இணைய இணைப்பைக் கழற்றச் சொன்னாள். முழு ரெப்போவையும் தான் கொண்டுவந்திருந்த டிஸ்க்கில் படியெடுத்துக்கொண்டாள். பிறகு ரோந்து ஓடாத வெறும் டெர்மினலைத் திறந்தாள். ஏழு வருடத்தில் தன் பிளகினை வாசலுக்கு வெளியே நிறுத்தியது அதுதான் முதல் தடவை. கிட் தன் போக்குவரத்தைக் குறித்துவைக்கும் பதிவைக் கேட்டதும் திரை நிறைய வரிகள் வந்து விழுந்தன. ஜூலை, ஜூன் கடைசி, ஜூன் நடு. தேதிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

ஜூன் ஐந்து, காலை பதினொன்று நாற்பது. பக்கத்தில் கதிர்வேல் எழுதிய குறிப்பு: ஈரப்பத அளவு இப்போது சரி.

அந்த வரியின் எண்ணைப் பிடித்து அதன் மேல் புதுக் கிளை ஒன்றை நட்டாள். கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. கதிர்வேல் ஒன்றைத் திறந்து, கடைசி வரி வரைக்கும் போய்ப் பார்த்து, இன்னொன்றையும் திறந்தார்.

"வந்துருச்சுங்க," என்றார். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

அன்புக்கரசி எழவில்லை. தன் மடிக்கணினியை விரித்து, கேட்காமல் வெட்டும் வசதியை அப்படியே பிடுங்கி எடுத்தாள். நேஹாவிடமிருந்து செய்தி வந்தது: இருநூறு பேர் விரும்பிக் கேட்ட வசதி, எடுத்தால் கத்துவார்கள். "கத்தட்டும். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி" என்று பதில் போட்டுவிட்டுப் புதுப் பதிப்பை வெளியிட்டாள்.

"அப்ப என்ற புகாரை மூடிப்போடலாமுங்களா?" என்றார் கதிர்வேல்.

"மூடக்கூடாது. திரும்ப எழுதுங்க. உங்களை மாதிரி வாயத் தொறக்காதவங்க இன்னும் எத்தனை பேரு இருக்காங்களோ."

அவர் எழுதியதை எட்டிப் பார்த்தாள். சிறிய சிரமம் ஏற்பட்டது என்று தொடங்கியிருந்தார்.

"சிறிய சிரமமா? ஒன்றரை மாச வேலைங்க."

"நீங்களே ஊடு தேடி வந்திருக்கீங்க, எப்படிங்க மூஞ்சில அடிச்சாப்பல எழுதறது?"

"அடிங்க. வாங்கிக்கத்தான் வந்திருக்கேன்."

நாலாவது தடவைதான் சரியாக வந்தது. 'ஜூன் பதிப்பின் சுத்தம் கட்டளை என் ஒன்றரை மாத வேலையை அழித்தது.' அப்போதும் கடைசியில் நன்றி என்று போட்டிருந்தார். போகட்டும் என்று விட்டாள். அதன் கீழே தன் பெயரில் எழுதினாள்: 'தவறு என்னுடையது. நேஹா எச்சரித்தும் நான் கேட்கவில்லை. கிளை காணாமல் போனவர்கள் டெர்மினலை மூடிவிட்டு, வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ உடனே எழுதுங்கள். கடைசியாகச் சேமித்த தேதியைச் சொல்லுங்கள். முப்பது நாளுக்குள் என்றால் மீட்டுவிடலாம்.' அதைப் புகார்ப் பக்கத்தின் தலையில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினாள்.

இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒருவர் நிறத்துக்காகத் திட்டியவர். இந்த முறை ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. இன்னொருவருக்கு இருபத்தாறாம் நாள். மூன்றாமவர் யாரோ ஒரு மாணவி, கடைசியாகச் சேமித்தது ஜூன் மூன்று. இன்றோடு முப்பது.

"சாப்பிட்டுத்தான் போகோணும்," என்று மயிலாத்தாள் பட்டறை வாசலுக்கே வந்து நின்றாள். "வந்த ஒறம்பரையை வெறும் வயித்தோட தாட்டி விடற ஊடு இல்ல இது."

"சாப்பிடறனுங்க. ஒரு அரைமணி நேரம் குடுங்க," என்றாள் அன்புக்கரசி. நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த மாணவிக்கு எழுதத் தொடங்கினாள்: முதலில் இணைய இணைப்பைக் கழற்று. ரெப்போவை முழுதாக ஒரு படி எடு. புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.