வேல்ஸ்காரர் பாட்டில் ஒரு ‘தா’

வேல்ஸ் நாட்டு இசைக்குழு ஒன்று புத்தாண்டுக்கென்று வெளியிட்ட பாட்டை என் மகள் சமையலறையில் போனில் போட்டாள். ‘ப்ளூதின் நெவித் தா’ என்று வாழ்த்தி முடித்தார்கள். அந்த வாழ்த்தை நான் முன்பே பாடியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. எங்கள் தீவில், ஃப்ளாக் என்ற ஊருக்குப் பக்கத்துக் கரும்பாலையில் என்ஜினியர் துரை வேல்ஸ்காரர். புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிப் பண்டம் வாங்குவது அவர் ஊர் வழக்கமாம். அந்த ஆசைக்குக் கூலிக்காரர் பிள்ளைகளான எங்களை பங்களா வாசலில் நிறுத்தி, இதே வாழ்த்தைப் பாடவைத்தார்.

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தீவில் பேசுகிற, பிரெஞ்சு கலந்த கிரியோல். தமிழென்றால் சாமி பாட்டும், வா, போ, தாவும்தான். அவர்கள் பாஷையில் ‘நல்ல’ என்று பொருளாம்; நானோ பாட்டில் வந்தது நம்ம ‘தா’ என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு கையையும் நீட்டினேன். துரைசானி விழுந்து விழுந்து சிரித்தாள். திரும்பத் திரும்பப் பாடச் சொன்னாள். பிறகு கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி ஆப்பிள்களை இறைத்தாள். சீ, சேற்றில் விழுந்ததைக்கூட நான் பொறுக்கினேன்.

“‘தா’ன்னு கேட்டேன்ப்பா, குடுத்துட்டாங்க!” என்று வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் நீட்டினேன்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க ஒரு நாள் லீவு கேட்டு, அதே வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி பாதி நாள் நின்று, வெறுங்கையோடு திரும்பியவர் அப்பா. அவர் ஆப்பிளைத் தொடவில்லை. என் கைகளைப் பிடித்திழுத்து, தோல் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினார்.

“நல்லாருக்குல்லம்மா?” என்றாள் மகள்.

நான் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.