அழிப்பதற்கும் சம்பளம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் எங்கள் வீடு. முன்னறை மேசைதான் என் ஆபீஸ். கணினி இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னலில் எனக்கு வேலை. அந்த வாரம் நான் புதிதாக எதையும் எழுதவில்லை, அழித்துக்கொண்டிருந்தேன்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ப்ராசஸர்களில் ஒன்றை அணைக்கலாம், பிறகு எழுப்பலாம். அணைக்கும்போது அதற்கென்று ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்க வேண்டும், குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக வேலை செய்யும் அதன் டைமரை நிறுத்த வேண்டும். இந்தத் துப்புரவை எங்கள் நிரல் மூன்று இடங்களில் தனித்தனியாகச் செய்துவந்தது. ஒரே இடம் போதும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு மற்றவற்றைத் தூக்கினேன். தூக்கியதிலிருந்து உட்கார முடியவில்லை. யாரோ காரணத்தோடுதானே எழுதியிருப்பார்கள்?

பழைய கணினி ஒன்றில் ப்ராசஸர்களை அணைப்பதும் எழுப்புவதுமாகச் சோதித்தேன். நன்றாக ஓடியது. மதியம் திடீரென்று திரை உறைந்தது. மறுபடி ஓட்டினால் உறையவில்லை. எப்போது வரும் என்று தெரியாத பிழையைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

மீன் விற்றுவிட்டு அம்மா வந்தபோது நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னாடி, இப்டி சுத்திகினு கீற? வேல போச்சா?"

"இல்லம்மா. பழசு கொஞ்சத்த அழிச்சேன். மிஷின் நின்னுபோச்சு."

"அழிக்கறதுக்கா உனுக்கு சம்பளம் குடுக்கறாங்க?" கூடையை அலசியபடியே கேட்டாள். "பழசையே திருப்பி வையேன். இன்னாத்துக்கு பேஜாரு?"

வைக்கலாம்தான். ஒரே கட்டளையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கைகூட அதற்குப் போனது. ஆனால் பழைய வரிகள் இருந்தபோது ஏன் உறையவில்லை என்று தெரியாமல் திருப்பி வைக்க மனம் வரவில்லை. அழித்த வரிகளை வாய்விட்டுப் படித்தேன். அவை முதலில் டைமரை நிறுத்தின, அப்புறம்தான் நினைவகத்தை விடுவித்தன. நான் ஒன்றாகச் சேர்த்தபோது வரிசை மாறிப்போயிருந்தது. விடுவித்த இடத்தை, நிற்காத டைமர் எப்போதாவது போய்த் தொட்டிருக்கிறது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். சோதனையை ஓடவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா திட்டினாள். திரை உறையவே இல்லை.

திருத்தத்தை மாலையே அனுப்பினேன். அதைக் கெர்னலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர், நான் பார்த்தேயிராத வெளிநாட்டுக்காரர். சில நாள் பதிலே இல்லை. போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் வந்தது: வரிசை மாறக் கூடாது என்று நிரலிலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள், அடுத்தவர் தெரியாமல் மாற்றிவிடுவார். எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

"எடுத்துகினாங்களா?" என்றாள் அம்மா.

"எடுத்துகினாங்க."

"அப்ப ஒரு எடத்துல குந்து."

குந்தினேன். பக்கத்துக் கோப்பிலும் அதே துப்புரவு இரண்டு இடங்களில் இருந்ததை நான் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன்.