எஸ்தரும் அவ வால்வு ஆம்ப்ளிஃபயரும்

எஸ்தர் போயிட்டா.

இன்னைக்குக் காலைல, ஷிஃப்டுக்குப் போற வழியில, ஒரகடம் சிக்னல் தாண்டி. ஸ்கூட்டில போயிருக்கா. பின்னாடி வந்த டிரைலர் லாரி... ஹாரன் அடிச்சேன், அடிச்சேன்னு டிரைவர் அழுவுறாராம்.

அடிச்சிருப்பாரு. அவளுக்கு வலது காது கேக்காதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

டேவிட் அண்ணன்தான் போன் பண்ணாரு. அவ வீட்டுக்காரர். படப்பைல ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. "கலா, எங்க கீற? உக்காந்துக்கினு கீறியா?"ன்னு கேட்டாரு. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாரு.

கேன்டீன்ல நின்ன இடத்துலயே நின்னேன். டீ ஆறிப்போச்சு.

எஸ்தரைத் தெரியாதவங்களுக்கு... நாங்க ரெண்டு பேரும் கம்பெனில தகடு அடிக்கிற ப்ரெஸ் ஷாப்ல பக்கத்து பக்கத்து மெஷின். அவ பிள்ளைப்பாக்கம்காரி. நான் சங்கரன்கோவில்ல இருந்து வந்து, கல்யாணம் ஆகுற வரைக்கும் ஹாஸ்டல்ல இருந்தவ. என் பேச்சைக் கேட்டாலே சிரிப்பா. "இன்னாடி, பாட்டா பாடுற?"ம்பா.

வருஷக்கணக்கா அந்த மெஷின் சத்தம். அவ வலது காது கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு. இடது காதுலயும் போன் ஸ்பீக்கர் சத்தம் குத்துதும்பா.

அப்பதான் யூடியூப்ல வால்வு ஆம்ப் வீடியோ பாக்க ஆரம்பிச்சா. கண்ணாடி வால்வு, உள்ள ஆரஞ்சு கலர்ல எரியும். அந்தக் காலத்து ரேடியோல இருக்குமே, அதான். அதுல பாட்டு காதைக் குத்தாம இதமா கேக்குமாம். கிட் வாங்கி நாமளே கட்டிடலாம்னு ஒரே பிடிவாதம்.

அவ வீட்டு மாடி ரூம்ல, வீக் ஆஃப் கிடைச்சப்பல்லாம் உக்காந்து சால்டர் பண்ணோம்.

மொத மொத கரண்ட் குடுத்த நாள் மறக்காது. வால்வு சொருகாம, வெறும் பெட்டிக்குக் கரண்ட் குடுத்து வோல்டேஜ் சரியா வருதான்னு பாக்கணும். ஒரு கையால மீட்டர் பிடிச்சிருக்கா, இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி. ரெண்டு கையும் பட்டா ஷாக் நெஞ்சு வழியா போவுமாம்.

அப்பப் பாத்து கரண்ட் கட்.

ஃபேன் நின்னுச்சு. உள்ள ஒரு வயர் வளைஞ்சு கிடந்துச்சு. கரண்ட்தான் இல்லையேன்னு சரி பண்ண விரல நீட்டுனேன்.

சுளீர்னு விழுந்துச்சு மணிக்கட்டுல. மர ஸ்கேல்.

"கை எடுடீ! கரண்ட் தெருவுல போச்சு... பெட்டிக்குள்ள போச்சா?"

மீட்டர் குச்சியை, உள்ள கரண்ட்டைச் சேத்து வெச்சுக்குற கெப்பாசிட்டர்ல வெச்சுக் காட்டினா. முந்நூறு வோல்ட்டுக்கு மேல. கரண்டே இல்லாத வீட்ல.

"உன் புருஷனுக்கு நான் இன்னாடி பதில் சொல்வேன்..." திட்டிக்கினே இருந்தா. ரெசிஸ்டர் வெச்சு அந்தக் கரண்ட்டை மெதுவா இறக்கி, திரும்ப அளந்து, ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் தண்ணியே குடிச்சா.

வால்வு வாங்குறதுல ரொம்ப உஷார். பழைய ஃபாரின் ஸ்டாக் போட்டாதான் சவுண்டுன்னு ஆம்ப் கட்டுறவங்க குரூப்ல ஆளாளுக்குச் சொன்னாங்க. இவ கேக்கல. "மொதல்ல புதுசு போட்டு ஓட்டலாம்டி. ஓடுற பெட்டிலதான் எது நல்லது, எது டுபாக்கூர்னு தெரியும்." இன்னொண்ணும் சொல்வா... "பின் உள்ள போவுதேன்னு சொருகாத, வால்வு மேல நம்பரைப் பாரு."

ஆனா சவுண்ட் எப்படி இருக்குன்னு நல்ல காதால கேக்கணுமே. அதுக்குத்தான் நான்.

பென்சிலால வால்வை லேசா தட்டுவா. ஸ்பீக்கர்ல டிங்னு வந்தா அந்த வால்வு சரியில்ல. "மணி அடிக்குதா? சொல்லுடி, அடிக்குதா?"ன்னு என் மூஞ்சியவே பாப்பா.

ஒரு தடவை பழைய வால்வு ஒரு ஜோடி யார்கிட்டயோ வாங்கிட்டு வந்தா. என்னை சுவத்தப் பாத்து உக்கார வெச்சா. ஆஃப் பண்ணி, ஆற விட்டு, துணியால பிடிச்சு மாத்தி மாத்திப் போட்டா. ரெண்டாவதுதான் சூப்பர்னேன். அது விலை கம்மியான புதுசாம். அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு...

இத எழுதித்தான் ஆகணும்.

கம்பெனில வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டு. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டா பட்டன் அமுக்கணும். நர்ஸோட விரலைப் பாத்துப் பாத்து அமுக்கியே பாஸ் பண்ணிட்டு இருந்தா எஸ்தர். நாங்கல்லாம் கான்ட்ராக்ட். ஃபெயில்னா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் வரிசைல நிக்கும்போது சொன்னா, "இந்த வாட்டி கண்ண மூடிக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? வேல போயிரும்டீ"ன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். உள்ள போயிட்டா.

கதவு சாத்தியிருந்துச்சு. வெளிய நான் நிக்கேன். அப்புறம் சூப்பர்வைசரக் கூப்பிட்டாங்க.

சூப்பர்வைசர் கேட்டாராம், எப்ப இருந்து இப்படின்னு. அவ சொன்னது வெளிய வரைக்கும் கேட்டுச்சு.

"எனக்குப் போயிடுச்சு சார். பக்கத்து மெஷின்ல கலா கீறா, அவளுக்கு இன்னும் போவல. காதுல வெக்கிற இந்தப் பஞ்சு வேலைக்காவாது. காதை மூடுற மஃப் குடுங்க, மொத்த லைனுக்கும்."

அவளைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. ஓவர்டைம் காசு போச்சு.

ஆனா மஃப் வந்துச்சு. எல்லாருக்கும். இன்னைக்கும் மாட்டிக்கிட்டுதான் நிக்கேன்.

முந்தாநாள் போன்ல சண்டை. ரெண்டாவது ஆம்ப் கட்டுறா, அதுக்குப் பெரிய வால்வு போடணுமாம். உன் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது, சின்னதே போதும்னேன். ஒத்துக்கவே இல்ல.

"ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா. நேர்ல பேசிக்கலாம்"னு வெச்சுட்டா.

ஞாயிறு மதியம் பிள்ளைப்பாக்கம் சர்ச்ல வெச்சு அடக்கம். ப்ரெஸ் ஷாப் ஆளுங்க, பேக்கிங் ஆளுங்க, எல்லாரும் வந்துருங்க.

வர்றேன் எஸ்தர்.